ராஜேஸ்வரிக்கு இரங்கல் கூட்டம்

குளிர்காலம் வந்துவிட்டால் பார்க் சர்க்கஸ் மைதானத்தில் கூடாரம் எழும்பும். அதன் உச்சியில் வைத்த பெரிய விளக்கின் வெளிச்சம் பொழுது சாய்ந்ததும் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பவானிபூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், கரியடுப்புப் புகையும் பனியும் கலந்த மூட்டத்தின்மேல் அது மெல்ல நகர்ந்து வந்து, எங்களைத் தொடாமலே திரும்பிப் போவது தெரியும். காய்ந்த துணிகளை எடுக்கப் போகும் அத்தை, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே பார்த்து நிற்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். கல்கத்தாவுக்கு வந்து எத்தனையோ நாள் ஆகியும் அவள் பார்த்திருந்த கல்கத்தா அந்த மொட்டைமாடி அளவுதான்.

அந்த வருஷம் ஊரெங்கும் ராஜேஸ்வரியின் படம். சுவரில், டிராம் நிறுத்தத்தில், மீன் மார்க்கெட் வாசலில். நெற்றிப்பட்டமும் கால் சலங்கையுமாக நின்ற அந்தச் சர்க்கஸ் யானையை வங்காளிகள் ‘ராஜேஷ்ஷொரி’ என்றார்கள். பந்தடிப்பாள், மணியடிப்பாள், கடைசியில் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, தனக்குப் பிடித்த ஒருவர் கழுத்தில் போடுவாள். அவளிடம் மாலை வாங்கியவர்களைப் பற்றித் தெருவில் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். பாகன் ரகசியமாகச் சைகை காட்டுகிறான், அவ்வளவுதான் என்று அப்பா எனக்கு விளக்கியிருந்தார்.

கீழ் வீட்டு ஜேட்டு, அதாவது நான் பெரியப்பா முறை வைத்துக் கூப்பிட்ட வங்காளிப் பெரியவர், எங்கிருந்தோ முன்வரிசைப் பாஸ்கள் கொண்டுவந்தார். அத்தை வரவில்லை என்றுதான் சொன்னாள். அம்மா விடவில்லை.

கூடாரத்துக்குள் மரத்தூள் வாசனையும் மிருக வாசனையும் கலந்து மயக்கமூட்டின. ராஜேஸ்வரி நுழைந்தபோது அவள் நடப்பதாகவே தோன்றவில்லை. வெளிச்சத்தில் மிதந்து வருவதுபோல் இருந்தது. செண்டுமல்லி மாலையைத் துதிக்கையில் ஏந்திக்கொண்டு, சால்வை போர்த்திய ஒரு பெரிய மனிதரைத் தாண்டினாள். கழுத்தை நீட்டிக் காத்திருந்த ஜேட்டுவையும் தாண்டினாள். எங்கள் முன்னால் நின்றாள். அத்தை, கோயில் யானையைக் கும்பிடுவதுபோல் கைகூப்பித் தலையைக் குனிந்தாள். மாலை அவள் கழுத்தில் விழுந்தது. துதிக்கை உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அத்தையின் தோளைச் சுற்றியபடியே இருந்தது. ஒரு போட்டோக்காரர் பளிச்சென்று படம் பிடித்தார். கூடாரமே கைதட்டியது. அப்பா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் டிராமில் மாலையைக் கழற்றிவிடும்படி அம்மா காதோடு காதாகச் சொன்னாள். கணவனை இழந்தவள் பூவோடு உட்கார்ந்திருப்பதை யாராவது நம் ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டால் என்ற கவலை அவளுக்கு.

“யானை போட்டதை நான் எப்படிக் கழட்டறது, மன்னி?” என்றாள் அத்தை.

யானை என்றால் பிள்ளையார். டிராம் பனிக்குள் ஆடியாடிப் போக, அத்தை செண்டுமல்லி மாலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுவாரம் ஜேட்டு அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். தனக்கு விழாத மாலையைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அப்பா நன்றி சொல்லி வாங்கி, இரும்பு பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

குளிர் விடும் சமயத்தில் ராஜேஸ்வரி செத்துப்போனாள். வயிற்றில் ஏதோ கோளாறு என்றார்கள். செய்தித்தாளில் நாலே வரி, படம்கூட இல்லை. எங்கள் தெரு கிளப்புக்கு அது பொறுக்கவில்லை. யார் செத்தாலும் கூட்டம் போட்டு, பாட்டுப் பாடி, கண்ணீரோடு டீ குடிக்கிற ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் இரங்கல் கூட்டம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். பிறகுதான் மாலை போட ஒரு நல்ல படம் இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. ஜேட்டு, கிளப் செயலாளரை அழைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

அப்பா படத்தை எடுத்துக் காட்டினார். ஆனால் கொடுக்க முடியாது என்றார். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போடலாமா? நியாயம்தான் என்று செயலாளரும் ஒப்புக்கொண்டார். அத்தையை மட்டும் கத்தரித்துவிட்டால் என்ன என்று ஜேட்டு கேட்டார். மூவரும் படத்தை மேஜைமேல் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். துதிக்கை அத்தையின் தோளைச் சுற்றியிருந்தது. அத்தையை வெட்டினால் ராஜேஸ்வரிக்குத் துதிக்கை இருக்காது. துதிக்கையில்லாத யானைக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது என்று செயலாளர் மிகவும் கவலைப்பட்டார்.

சமையலறை வாசலில் நின்ற அத்தை கூடத்துக்கு வந்தாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

“அவளை வெட்ட வேண்டாம் அண்ணா. அப்படியே குடுத்துடு.”

“உளறாதே. நீ உயிரோட இருக்கே.”

“அவ வந்து மாலை போட்டப்பறம்தான் அது எனக்கே தெரிஞ்சுது” என்றாள் அத்தை, சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி.

உயிரோடு இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் எப்படிப் போகும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பீரோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர், படத்தை எடுத்துச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு மாலை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு வந்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்துக்குக் கனமான சம்பங்கி மாலை. ஊதுபத்திப் புகைக்குப் பின்னால் யானையும் அத்தையும் கலங்கிக் கலங்கித் தெரிந்தார்கள். செயலாளர் பேசினார், ஒரு பெண் பாடினாள், எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். பிறகு வரிசையாக வந்து பூப்போட்டவர்கள் படத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்து, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தடுமாறினார்கள். ஒரு குட்டிப் பெண், இந்த ‘மாசி’யும், அதாவது சித்தியும், செத்துவிட்டாளா என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். அத்தைக்கு அந்த அளவு வங்காள மொழி புரிந்தது. “நா” என்றாள். இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பெரிய தெருவுக்கு நடந்தாள். புடவைக் கடைகளைப் பார்த்தாள், பெண்கள் கல்லூரி வாசலில் நின்று கதவின்மேல் வங்காளத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினாள். ஒவ்வோர் எழுத்தும் என்ன என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

எனக்கு அது பொறுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய், ராஜேஸ்வரி செத்ததில் அத்தைக்கு வருத்தமே இல்லை, சிரித்துக்கொண்டு கடை பார்க்கிறாள் என்று கோள் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, அத்தை என்னென்ன கடை பார்த்தாள், எந்தப் புடவையைப் பார்த்தாள், என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு செய்தேன். தினமும் அத்தையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற நான், அன்றைக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய், யானைக்காகத் தனியாக அழுதேன்.