தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கதவக்கா என்போம். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் ஒரு கோடும் கால் வட்டமும் போட்டுவிட்டு, கதவு முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விடுவார். அது என்ன அகலம், என்ன மரம், கீல் இடப்பக்கமா வலப்பக்கமா, தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாக யோசித்துக் கதவு ஜன்னல் அட்டவணை போடுகிறவள் அக்கா. பக்கத்து மேசையில் நான், குழாய் கிழாய் சமாச்சாரம். சந்தேகம் வந்தால் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்து, ஓரடி பின்னால் நகர்ந்து பார்ப்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மிரண்டுபோவார்கள். "பேய் பிடிக்கல, கதவு பிடிச்சிருக்கு" என்று நான் சமாதானம் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குக் கோபம் வரும். அறைக்குள் இருக்கிற ஆள் யாரையும் கூப்பிடாமல் தானாக வெளியே வர முடிய வேண்டும். கிடங்குக்கு வெளித்தாழ் போதும் என்ற ஒரு முதலாளியிடம், "உள்ள ஆள் இருக்கறது தெரியாம யாராவது போட்டுட்டா?" என்று கேட்டுக் கேட்டே அவரை வழிக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் அப்பாவும் அவளும்தான். அம்மா அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். நாற்பது தாண்டிய பெண்ணின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். நாங்கள் எவ்வளவு கேலி செய்தாலும் அவள் சிரித்துக்கொள்வாளே தவிர, வராதீங்கப்பா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. காலையிலேயே பெண்ணைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார். முதல் தடவை டீக்கடைக்காரர் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார். அடுத்த தடவை பெரிய ரோட்டைக் கடக்கப்போய் விழுந்து, நெற்றியில் தையல். பார்த்துக்கொள்ள வந்த ஆட்களும் நிலைக்கவில்லை. வெளியூரில் இருக்கும் அண்ணன்காரன் போனில், "ஏதாவது ஹோம்ல விட்டுடு, மத்ததைப் பாத்துக்கலாம்" என்றான். பாத்துக்கலாமாம்! வந்து எட்டிப்பார்க்க நேரமில்லை, யோசனைக்கு மட்டும் குறைச்சலில்லை. அக்கா, "அங்கயும் சாத்தித்தானே வைப்பாங்க. அதுக்கு நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வேலையையும் விட முடியாது. வாசல் பூட்டு உள்ளிருந்து திருகினாலே திறந்துகொள்ளும். இன்னொரு முறை அவர் அந்த ரோட்டுக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. எங்களுக்குத் தெரிந்த தச்சரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

தச்சர் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்கிறவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடியும் கேட்டார். "வெளிப்பக்கம்ணே, போடுங்க" என்று நான்தான் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அப்பா தச்சருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையிலிருந்து ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "நல்லா இறுக்கிப் போடு தம்பி. நான் வண்டிக்குப் போயிட்டா பொண்ணு வீட்ல தனியா இருக்கும்" என்றார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்டது.

எதிர் வீட்டம்மா மதியம் திறந்து சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி சாத்துவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தாள். கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் அட்டவணை. மதியத்துக்குப் பிறகு ஆர்க்கிடெக்ட் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, எல்லா வகுப்பறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்னு போட்டிருக்கு? உள்பக்கம் ஒண்ணுகூட இல்ல. பள்ளிக்கூடம் கட்டறோமா, ஜெயில் கட்டறோமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுங்க சார், நான் மாத்தித் தரேன். இன்னும் அஸ்திவாரமே தோண்டல" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்பா உள்ள இருக்கார்டி" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தனியாக விட மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாடிப்படி ஏறும்போதே தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி தொடங்கியது. எதிர் வீட்டம்மா தன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சாப்பிட்டதிலேருந்து இப்படித்தான்மா தட்டிட்டிருக்கார். திறந்தா ரோட்டுக்கு ஓடிடுவாரோன்னு பயமா இருந்துச்சு" என்றார். அக்கா தள்ளியும் புதுத் தாழ் நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அப்பா நிலையை ஒட்டி நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து, விரல் முட்டிகள் வீங்கித் தோல் உரிந்திருந்தது. வெளியே ஓடுவார் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அக்காவின் தோளைப் பிடித்து, அடிகிடி பட்டிருக்கிறதா என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எவனோ உன்னை உள்ள வச்சுத் தாழ் போட்டுட்டான்மா. எவ்வளவு நேரமாத் தட்டறேன், ஒருத்தரும் வரல" என்றார். "பயந்துட்டியா? அழாத. அதான் அப்பா திறந்துட்டேன்ல."