துரையின் பட்டியலில் என் பெயர்

குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் காலம். பாறசாலை ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. நானும் பிடித்திருந்தேன். எங்கள் மிஷன் பள்ளிக்கு வந்த ஸ்காட்லாந்துத் துரையோ, நாங்கள் பந்து விளையாடும்போதெல்லாம் நோட்டில் ஏதோ குறித்தார். எட்டிப் பார்த்தேன். பதினொரு பெயர்கள், முதலில் என்னுடையது. ஒற்றனேதான்!

இரண்டு நாள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பதுங்கினேன். எலி ஓடினாலும் கைகளைத் தூக்கிச் சரணடைந்தேன்.

மூன்றாம் நாள் கூட்டாளி தங்கையன் கண்டுபிடித்துவிட்டான். “எலே, அது டீம் லிஸ்டாக்கும்! கோல்கீப்பர் நீ இல்லாம நேத்து ஏழு கோல் வாங்கினோம்.”

பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். துரை திட்டவில்லை. புத்தகத் தமிழில் சொன்னார்: “எங்கள் நாட்டில் ஒன்பது ஆண்டுகள் இரண்டாம் டிவிஷன் கால்பந்து ஆடினேன். சனிக்கிழமைதோறும் பட்டியலில் என் பெயரைத் தேடுவேன். பாதி நாள் இருக்காது.”

அவர் எதை ஏங்கித் தேடினாரோ, அதைக் கண்டுதான் நான் ஓடியிருக்கிறேன்.