கணக்கெடுக்க வந்தவரும் சண்முகவடிவின் இட்லிக் கடையும்

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்த சண்முகவடிவுக்கு வெளிநாட்டுக்காரன் மேல் தனி மரியாதை. துவைத்தால் சாயம் போகிற கட்டம்போட்ட துணியைக் காசு கொடுத்து வாங்குகிற புண்ணியவான் வேறு யார் இருக்கிறான்? அந்தத் துணியால் தறிகள் ஓடின, தறிக்காரர்களால் அவள் அடுப்பு எரிந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவனுக்குப் புத்தி வந்துவிட்டது. துணி வேண்டாம் என்றான். தறிகள் ஓய்ந்தன, இட்லி விற்காமல் ஆறிக் கிடந்தது. கடையை மூடிவிட்டுப் பிறந்த ஊரான பரளச்சிக்குப் போய் மறுபடி களை வெட்ட வேண்டுமோ என்று யோசிக்கத் தொடங்கினாள். அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து ஐயாத்துரை வந்து இறங்கினார். ஏற்றுமதியால் ஊரில் எத்தனை பேருக்கு வேலை, அது நின்றால் எத்தனை பேருக்குப் போகும் என்று கணக்கெடுக்கிற உத்தியோகம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றார்.

மனிதர் காலையில் பத்து இட்லி சாப்பிட்டார். சண்முகவடிவுக்கு அவர் மேல் பக்தியே வந்துவிட்டது.

இவரை ஒரு வாரத்தில் விடுவதா? வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவாளர்களிடம் கேள்வி கேட்க ஆள் வேண்டுமென்று, தறி நின்றுபோன சௌடப்பனை அவரிடம் சேர்த்துவிட்டாள். தெருவில் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வெயிலுக்குக் குடை பிடிக்க மொக்கையனும் சேர்ந்தான். இருவரும் அவரிடம் வாங்கிய கூலியை அவள் கடையிலேயே தின்று தீர்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்து எதிரே ஒரு டீக்கடை முளைத்தது, அதற்குக் கிளாஸ் கழுவ ஓர் ஆள் வந்தான். ஐயாத்துரை கணக்கை முடித்து எழுந்த போதெல்லாம், "சார், ஒரு ஆளு விட்டுப்போச்சே" என்பாள். அவரும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

மூன்று மாதமாகியும் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏற்றுமதி நின்னுபோச்சு. ஆனா தெருவுல வேலை கூடியிருக்கே, எப்படிம்மா?"

"சட்னி போடவா சார்?" என்றாள்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியே விட்டார். சண்முகவடிவுக்கு அழுகை வந்தது, நிஜ அழுகை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், வெளிப்பணம் நின்னா எத்தன பேருக்கு வேலை போகும்னுதான அளக்க வந்தீக?"

"ஆமா."

"இப்ப இந்தத் தெருவுக்கு வெளிப்பணம் கொண்டாரது நீங்க ஒருத்தர்தான். நீங்க போனா எத்தன பேருக்கு வேலை போகும்னு அளக்க வேண்டாமா?"

ஐயாத்துரை யோசித்தார். கூடவே அவர் வயிறும் யோசித்திருக்க வேண்டும். பெட்டியை ஜன்னல் வழியாக மொக்கையனிடம் நீட்டிவிட்டு இறங்கினார்.

தாம் ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை, அவர் அந்த ஊரிலேயே இருந்து மூன்று வருஷம் அளந்தார்.