நான்கு இடது கைகள்

எங்கள் பள்ளி பேண்டில் சைடு டிரம் அடிக்கிறவர்களுக்கு வலது கை ஒரு பொருட்டே இல்லை. குச்சியைச் சுத்தியல் பிடிப்பதுபோல மேலிருந்து பிடித்துக்கொண்டால் போதும், யாராலும் முடியும். பெருமையெல்லாம் இடது கைக்குத்தான். உள்ளங்கையை மல்லாத்தி, கட்டைவிரல் இடுக்கில் குச்சியைச் செருகி, மோதிர விரல்மேல் படுக்கவைத்து, பூட்டில் சாவி திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். இதற்கு ட்ரெடிஷனல் கிரிப் என்று பெயர், இரண்டு கையும் ஒன்றுபோல மேலிருந்து பிடித்தால் அது மேட்ச்ட் கிரிப் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. எங்களுக்கு மல்லாந்த பிடி, கவிழ்ந்த பிடி, அவ்வளவுதான். மல்லாந்த பிடி பேண்டுக்கு. கவிழ்ந்த பிடி வீட்டில் குடத்தைத் தட்டுகிற சின்னப் பிள்ளைகளுக்கு.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். பேண்டிலிருந்த நான்கு சைடு டிரம்காரிகளில் ஒருத்தியின் அப்பாவுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. பி.டி. டீச்சர் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவதை அப்படியே திருப்பித் தட்டுகிறவளுக்கு அந்த இடம். பதினொரு பேர் வரிசையில் நின்றோம். பிசகாமல் தட்டியவள் நான் ஒருத்திதான். என் அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம். கட்டைப் பிரித்து இலை எண்ணும்போது அவர் கையிலிருந்து வரும் சத்தத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். அதைக் கேட்டு வளர்ந்த காது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. எல்லாம் என் திறமை. வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

"கரண்டி பிடிக்கத் துப்பில்ல, கொட்டு அடிக்கப் போறாளாம்" என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டில் அதைச் சொன்னபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

சுதந்திர தினத்துக்கு ஆறு வாரம் இருந்தது. ஊர்ப் பள்ளிகள் பல சேர்ந்து நடத்தும் அணிவகுப்பில் எங்கள் பேண்டு முன்னால் போகும். வெள்ளை ஷூ, சிவப்புத் தொப்பி. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாரம் இரண்டு நாள் சாயங்காலம் பேண்டு மாஸ்டர் வருவார். நல்ல மனிதர், யாரையும் அடித்ததில்லை, நக்கல் மட்டும் உண்டு. முதல் நாள் என் தோளில் வாரை மாட்டி, டிரம்மை இடது தொடைமேல் தொங்கவிட்டு, குச்சியைக் கையில் கொடுத்தார்.

"இடது கையைத் திருப்பும்மா."

"திருப்பிட்டேன் சார்."

"இதுக்குப் பேரு திருப்பறதா? பாலத்துல பாதியில நின்னுபோன பஸ் மாதிரி நிக்குது."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கை நிஜமாகவே பாதியில்தான் நின்றது. கட்டைவிரல் வானத்தைப் பார்க்கும் வரை வரும். அதற்குமேல் உள்ளங்கை மல்லாராது. அது எனக்குப் புதிதில்லை. கோயிலில் பெரியவர்கள் எதையாவது கொடுத்தால் இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும் என்று அம்மா சொல்லுவாள், என் இடது கை சாய்ந்தே இருக்கும், குங்குமம் கொட்டும். "வாங்கறதுக்குக்கூடச் சோம்பேறித்தனமா?" என்று அதன்மேல் ஒரு தட்டு விழும். எல்லாருக்கும் இடது கை அப்படித்தான், மற்றவர்கள் கொஞ்சம் முயற்சி செய்கிறார்கள், நான் செய்வதில்லை என்றே நம்பியிருந்தேன்.

இரண்டாவது வாரம் மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "சார், ரெண்டு கையையும் மேலேருந்தே பிடிச்சுக்கட்டுமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடிச்சுத்தான் பாரேன்" என்றார். அடித்தேன். டிரம் சரிந்து தொங்குவதால் அதன் இடது ஓரம் உயர்ந்திருக்கும். கவிழ்ந்த கையோடு அந்த ஓரத்தைத் தாண்டுவதற்கு என் முழங்கை கோழி இறக்கை மாதிரி எழும்பியது. குச்சி தோலில் படாமல் விளிம்பில் பட்டு 'டக்' என்றது. "பாத்தியா? சரிஞ்ச டிரம்முக்கு மல்லாந்த கைதான். நானா வெச்ச சட்டமில்ல இது. அடுத்த செவ்வாய்க்குள்ள வரலேன்னா நீ ஜால்ரா எடுத்துக்க. அதுவும் பேண்டுதான்."

ஜால்ரா! பேண்டின் கடைசி வரிசையில், எட்டு அடிக்கு ஒரு தரம் தட்டிவிட்டு நடப்பவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தபோது, பள்ளி ரிப்பனால் என் இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி இழுத்துக் கட்டினேன். முடிச்சைப் பல்லால் இறுக்கினேன். பிறகு உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தப் பக்கம் சாய்த்தேன். சோம்பேறிக் கையைத் திருத்துகிற வழி அதுதான் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார் என்பதால், நான் சத்தமாக அழுதிருக்க வேண்டும்.

ரிப்பனை அறுத்துவிட்டு, "எந்தக் கை? எந்தக் கை?" என்றார். எதிரிலேயே வீங்கிப்போய் இருந்த கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. விஷயத்தைச் சொன்னேன். 

"டிரம்மு வேணாம் பாப்பா. வேற ஏதாவது எடுத்துக்க."

"மாட்டேன்."

"அப்பா சொல்றேன்ல? இந்தக் கையைப் போட்டு இம்சை பண்ணாத. அது வராது."

"உங்களுக்கு என்ன தெரியும்? இலை எண்ணத்தான் தெரியும்!"

அதற்கு ஓர் அறை விழும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய் நல்லெண்ணெய் கொண்டுவந்து மணிக்கட்டில் தடவினார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை என்று அம்மா மறுநாள் சலித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், வகுப்பு ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தேன். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். இலைக் கறை படிந்த சட்டை. தலைத் துண்டை அவிழ்த்து இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்திருந்தார். சைக்கிள் ஷெட் ஓரத்தில் பி.டி. டீச்சரிடம் தலை நிமிராமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.  பேண்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார். அதுவும் இந்தச் சட்டையோடு. பக்கத்தில் இருந்தவள், "யாருடி அது?" என்றாள். "தெரியல" என்றேன். விசிலும் பிரம்புமாகப் பள்ளியையே நடுங்கவைக்கும் அந்த டீச்சர், தன் அறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார்.

சாயங்காலம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இடது கையை வாங்கி, மெதுவாகத் திருப்பினார். நின்ற இடத்தில் விட்டுவிட்டார். நகம் வெட்டியிருக்கிறேனா என்று பார்க்கிறார் என நினைத்தேன். பிறகு மாஸ்டரிடம், "இனிமே நாலு பேரும் மேலேருந்து பிடிக்கட்டும்" என்றார்.

"டீச்சர், டிரம் சரிஞ்சு தொங்குது. கவிழ்ந்த கை எப்படி வரும்?"

"நிமிர்த்துங்க."

"ஒத்தை வாருல எப்படி நிமிரும்?"

"ரெண்டு வார் போடுங்க. ஸ்கூல் பை மாதிரி ரெண்டு தோள்லயும் மாட்டட்டும்."

"ஒரு பொண்ணுக்காக மத்த மூணும் மாறணுமா? வருசக்கணக்கா பழகின கை."

"ஒரு கை மட்டும் வேற மாதிரி போச்சுன்னா எல்லார் கண்ணும் அது மேலதான் இருக்கும் மாஸ்டர். நாலும் ஒண்ணா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க."

மாஸ்டர் டிரம்மைத் தூக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "நாடா யாரு தருவா?" என்றார். இரண்டு நாளில் வந்துவிட்டது. அப்பா மார்க்கெட்டில் வாங்கிய அகலக் கட்டில் நாடா. பள்ளி வாசலில் உட்காரும் செருப்புத் தைக்கிறவர் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். டிரம்கள் நான்கும் வயிற்றுக்கு நேராக, சாப்பாட்டுத் தட்டுப்போல மட்டமாக நின்றன. என் முழங்கை தாழ்ந்தது. குச்சி தோலின் நடுவில் விழுந்தது.

"உன்னால எங்க கையெல்லாம் கவுந்துபோச்சுடி" என்று மற்ற மூவரும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. எல்லாரையும்விட நான் நன்றாக அடிக்கிறேன், என்னை விட மனமில்லாமல் பேண்டையே எனக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் கூட வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்பா வந்து கெடுக்கப் பார்த்தும் டீச்சர் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இதை முப்பத்தைந்து வருடத்துக்குமேல் அப்படியே நம்பியிருந்தேன். போன மாதம் என் மகள் மாடிப்படியில் விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வார மாவுக்கட்டு. நான் எதற்கெடுத்தாலும் பதறி, ஒரே நாளில் டாக்டருக்கு மூன்று முறை போன் செய்கிறவள். மூன்றாவது வாரம், புழுக்கத்தில் கட்டுக்குள் அரிப்பெடுத்து, குழந்தை சுவரில் கையை மோதிக்கொண்டு அழுதாள். பார்க்க முடியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் வெட்டித் தளர்த்தினால் காற்றாவது போகுமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். எங்களோடு இருக்கும் அப்பா, தடியில்லாமல் இரண்டு அடி நடக்க முடியாதவர், அடுப்படிவரை வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"நான் பண்ணினதை நீ பண்ணாத" என்றார்.

அப்போது எனக்கு நான்கு வயதாம். தம்பி பிறப்பதற்காக அம்மா முசிறிக்குத் தாய்வீடு போயிருந்தாள். அப்பாவும் நானும் மட்டும். இலை வண்டியிலிருந்து குதித்து இடது கையை முறித்துக்கொண்டேனாம். டாக்டர் ஆறு வாரம் என்றார். சித்திரை வெயில். அரிக்கிறது என்று மூன்று நாள் நான் தூங்கவில்லையாம். நான்காவது நாள் வெந்நீரில் ஊறவைத்து, இலை அறுக்கும் கத்தியால் அவரே கட்டைப் பிரித்துவிட்டார். அப்புறம் டாக்டர் திட்டுவாரென்று அந்தப் பக்கமே போகவில்லை; எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. கைக்குழந்தையோடு திரும்பி வந்த அம்மாவிடம், கட்டு டாக்டர் பிரித்தது என்று சொல்லியிருக்கிறார்.

"டிரம்முக்காக உன் ஸ்கூலுக்கு வந்தேன்ல, அன்னிக்கு உங்க டீச்சர்கிட்டதான் முதல்ல சொன்னேன். அது வரைக்கும் வாயைத் தொறக்கல" என்றார். பிறகு, கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா பக்கம் கண்ணைக் காட்டி, "அவகிட்ட சொல்லிடாத" என்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். 

அந்தச் சுதந்திர தின அணிவகுப்பில் நாங்கள் நன்றாகவே அடித்தோம். மைதானத்தை ஒரு சுற்று. நான்கு டிரம்மும் ஒரே சத்தம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றோர் நின்றிருந்தார்கள். நாங்கள் கடக்கும்போது எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை. வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கீழே டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

கலைந்ததும் அவரிடம் ஓடினேன். நன்றாக அடித்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன்.

"கை வலிக்குதா பாப்பா?" என்றார்.

"இல்ல."

கொஞ்சம் நடந்தோம். "நெசமாவே வலிக்கலையா?"

"இல்லப்பா."

ஐஸ் வண்டி அருகில் வந்ததும் மறுபடியும், "இடது கை? கொஞ்சம்கூட?"

"வலிக்கல, வலிக்கல, வலிக்கல! போதுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"போதும்மா" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. நான் அடித்த அடியைப் பற்றி வாய் திறக்காதவர் என் கத்தலைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாங்கிக் கொடுத்த சேமியா ஐஸில் அவருக்கு ஒரு கடிகூடக் கொடுக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு முழுவதையும் நானே தின்றேன்.