தவமலர் அக்கா இணைந்துவிட்டார்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் தவமலர் அக்காவிடம் "ஏலாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. முதலில் சொன்னவர் குடிவரவு அதிகாரி. அகதி விண்ணப்பத்தில் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஏற்க ஏலாது என்றார். "ஷெல் விழேக்கை நாங்கள் கலண்டரைப் பார்த்துக்கொண்டு ஓடேல்லை" என்று அக்கா பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை மெருகேற்றிச் சொல்லப்போக, மெருகில்லாமல் இன்னொரு தடவை சொல்லும்படி அவருக்கும் அக்காவிடமிருந்து ஓர் உத்தரவு பிறந்தது. அடுத்தவர் காரோட்டப் பரீட்சை அதிகாரி. மூன்று முறை பெயிலாக்கினார். நாலாம் முறையும் அக்காவே வந்து நிற்பதைக் கண்டதும் பேனாவைப் பாஸ் பக்கம் திருப்பிவிட்டார். அதன் பிறகு குரொய்டன் பக்கத்துப் பள்ளிக்கூட மினிபஸ்ஸை ஓய்வு பெறும்வரை அக்காதான் ஓட்டினார். இரட்டைத்தட்டு பஸ்கள்கூட வழிவிட்டன.

இப்படிப்பட்டவரைப் பார்த்து ஒரு பழைய மடிக்கணினி "ஏலாது" என்றது. அதுவும் சங்கத் தேர்தல் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை.

சங்கம் என்றால் அந்த வட்டாரத் தமிழர் முன்னேற்றச் சங்கம். யார் யார் முன்னேறினார்களோ தெரியாது, தலைவர் ஆனந்தராஜா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. ஒவ்வொரு வருடமும் போட்டியின்றித் தெரிவு. விழாக்களுக்கு வடை சுடுவது பெண்கள்; மேடையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது குத்துவிளக்கு. கொளுத்தலாம், கும்பிடலாம், இறங்கலாம். போன பொங்கல் விழாவில் மண்டபச் சமையலறையின் புகைபோக்கி விசிறி வேலை செய்யாமல் பெண்கள் கண் எரிந்து நின்றார்கள். அதைச் சொல்ல அக்கா மைக்கைக் கேட்டார்.

"தங்கச்சி, நேரமில்லை" என்றார் தலைவர். பிறகு, தாம் லண்டனுக்கு வந்த கதையை மாலை வாடும்வரை சொன்னார்.

அந்த வாரமே தவமலர் அக்கா தலைவர் பதவிக்குப் பெயர் கொடுத்தார். தலைவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் புதிய விதி ஒன்று வந்தது. இம்முறை பொதுக்கூட்டம் இணையத்தில். வாக்களிப்பவர்கள் போனில் வரலாம். வேட்பாளர் மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து முகம் காட்டவேண்டும். போனில் முகம் ஆடுவது பதவிக்கு அழகல்லவாம். முகம் காட்டாதவர் விலகியவராகக் கருதப்படுவார்.

அக்காவிடம் கணினி இருப்பது தலைவருக்குத் தெரியாது. மகன் நிசாந்தன் பல்கலைக்கழகத்தில் வைத்திருந்தது. கடையிலிருந்து வந்தபோது மூடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் கீறல் விழும். அந்த வீட்டில் டிவி ரிமோட்டும் உறைக்குள்தான் உயிர் வாழ்கிறது. நிசாந்தன் இல்ஃபோர்ட்டில் குடியேறிய பிறகு கணினி அக்காவுக்கு நாடகம் காட்டியது; போனிலேயே நாடகம் வரத் தொடங்கியதும் அந்த வேலையும் போயிற்று. வருடத்துக்கொரு முறை சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு சாமியறைக்குப் போய், சந்தனமும் குங்குமமும் பெற்றுத் திரும்பும். மற்றபடி ஓய்வூதியக்காரர்தான்.

இன்றைக்கு அதை மேசைமேல் வைத்தால், எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் ஓடவில்லை. மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அது செத்துப்போச்சு. புதுசு ஓடர் பண்ணுறன், நாளைக்கு வரும்."

"தேர்தல் இண்டைக்கு."

"இந்த வருசம் விடுங்கோவன் அம்மா."

"நீ முதலாம் வருசச் சோதனையிலை கோட்டை விடேக்கை நான் உன்னை விட்டனானோ?" என்று போனை வைத்தார் அக்கா.

அடுத்து மேல்மாடிக்குக் குரல் போனது. அங்கே வாடகைக்கு இருப்பவன் கௌசிக், கோயம்புத்தூர்க்காரன், ஒரு வங்கியில் கணினி வேலை. இறங்கி வந்து கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தட்டோ தட்டென்று தட்டினான்.

"ஆன்ட்டி, வைஃபை ஆஃப்னு காட்டுது. ஆன் பண்ணினா ஆன் ஆகமாட்டேங்குது. பழைய லேப்டாப்ல வெளிய ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்குமாம். சுத்திப் பாத்துட்டேன், இதுல இல்ல."

"அப்ப பாங்கிலை என்னத்தைத்தான் பார்க்கிறனீங்கள்?"

"பேங்க்ல லேப்டாப் இவ்வளவு மங்களகரமா வர்றதில்ல ஆன்ட்டி. கேபிள் இருந்தா நேரா ரவுட்டர்ல சொருகிடலாம்."

"இருந்தது. அதாலைதான் தக்காளிச் செடியைக் கட்டினனான்."

"என் லேப்டாப்பக் குடுக்கலாம்னா அது ஆபீஸோடது, விடமாட்டாங்க."

"தந்தாலும் எனக்கு வேண்டாம். இரவல் கணினியிலை வெண்டவள் எண்டு அந்தாள் ஊரெல்லாம் கதை கட்டும்."

இதற்கிடையில் கூட்டம் தொடங்கிவிட்டது. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போனில் தலைவரின் குரல் கேட்டது.

"தவமலர் தங்கச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம் குடுத்துப் பார்ப்பம். தொழில்நுட்பம் எல்லாருக்கும் ஏலாதுதானே."

யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சொல் வந்ததும் அக்கா கணினியைக் கௌசிக்கின் கையிலிருந்து பறித்துத் தன் மடியில் வைத்தார். ஆத்திரத்தில் விரல்கள் அதன் முன்விளிம்பை அழுத்தின. ஒரு மேடு தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் தாளில் சந்தனம் ஒட்டாது என்பதால் ஒவ்வொரு பூசைக்கும் அந்த விளிம்பில்தான் பொட்டு வைத்திருந்தார். ஒரு வருடச் சந்தனத்தின்மேல் அடுத்த வருடச் சந்தனம் ஏறி, சின்னப் புற்றுப்போல் இறுகிக் கிடந்தது. போன தடவை பெருவிரலால் அழுத்தித் தேய்த்தபோது உள்ளே ஏதோ டிக்கென்று நகர்ந்ததும் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் அதை அம்பாள் பூசையை ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுத்திருந்தார்.

"கௌசிக் தம்பி, எனக்கொரு கிளாஸ் தண்ணி கொண்டு வாங்கோ."

அவன் குசினிக்குப் போனதும் கொண்டையூசியை உருவினார். சுரண்டினார். சந்தனம் செதில் செதிலாகச் சேலையில் உதிர்ந்தது. அடியில் நகக்கண் அளவில் ஒரு சுவிட்ச். தள்ளினார். விசைப்பலகைக்கு மேல் செம்மஞ்சளாக எரிந்த வைஃபையின் பொட்டு விளக்கு நீலமாயிற்று. சேலையை உதறி, உதறியதைக் காலால் கம்பளத்துக்குக் கீழே தள்ளி, கொண்டையூசியை இருந்த இடத்தில் செருகிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கௌசிக் தண்ணீரோடு வந்து திகைத்து நின்றான். "அட, ஆன் ஆயிடுச்சு! என்ன பண்ணீங்க?"

"வெருட்டினனான். நிண்டு பாராமல் பாஸ்வேர்டைப் போடுங்கோ."

போனில் தலைவர் முடிவுரைக்கு வந்துவிட்டார். "ஆகவே, எதிர்த்து ஒருவரும் சமுகமளிக்காதபடியால், போட்டியின்றி..."

தவமலர் இணைந்துவிட்டார் என்று எல்லார் திரையிலும் எழுத்து ஓடியது. முதலில் தெரிந்தது அக்கா வீட்டுக் கூரை. பிறகு ஒரு பெரிய பொட்டு. கடைசியாக, கொஞ்சமும் ஆடாமல், முழு முகம்.

"ஆனந்தராஜா அண்ணை, அந்தப் 'போட்டியின்றி'யைத் திருப்பி எடுங்கோ. போட்டி வந்திட்டுது."

"தங்கச்சி, குடுத்த நேரம் முடிஞ்சு போச்சு..."

"அண்ணை, அதைப் பொங்கலுக்கு நீங்கள் பேசின நேரத்திலை கழியுங்கோ!" என்றது இன்னொரு குரல். வடைக்கு மா அரைக்கும் நாகேஸ்வரி. இம்முறை சிரித்தவர்கள் அதிகம்.

வேட்பாளர் உரைக்கு இரண்டு நிமிடம். அக்காவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. "புகைபோக்கி திருத்துவன். வடை சுடுறவை மேடையிலை ஏறிக் கதைப்பினம். அவ்வளவுதான்." கைகள் எழும்பின. மூன்று கை வித்தியாசத்தில் அக்கா வென்றார். அவற்றில் ஒன்று ஆனந்தராஜாவின் மனைவியுடையது என்று பேச்சு. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை.

சரஸ்வதி பூசைக்குச் சங்கம் எடுக்கும் வாணி விழாவுக்கு முன்பே புகைபோக்கி சுழலத் தொடங்கிவிட்டது. விழாவன்று மங்கள விளக்கேற்ற முன்னாள் தலைவரை மிகுந்த மரியாதையோடு மேடைக்கு அழைத்தார்கள். கொளுத்தினார், கும்பிட்டார். இறங்காமல் மைக்குப் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நேரமில்லை" என்றார் தவமலர் அக்கா. நாகேஸ்வரி மைக்கை வாங்கிக்கொண்டார்.

சரஸ்வதி படத்தின் முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களோடு அந்தப் பழைய மடிக்கணினியும் இருந்தது. பூசைக்கு முன் அக்கா அதன் மூடியிலிருந்த பிளாஸ்டிக் தாளைச் சர்ரென்று உரித்தார். அந்தச் சத்தத்துக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பளபளத்த மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார்.

"எப்பவும் முன்னாடி ஓரத்துலதான வைப்பீங்க ஆன்ட்டி?" என்றான் வடையோடு நின்ற கௌசிக்.

"நெத்தி இருக்கேக்கை ஆரும் வாயிலை பொட்டு வைப்பினமோ?"