மாடவீதி மன்னனின் ஒன்பது படையெடுப்புகள்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். பெயர் வெங்கடரமணன், வயது ஐம்பத்தொன்று, படிப்பு டி.பார்ம். லஸ் முனையிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் கடை. பெயரைச் சொல்ல மாட்டேன், முதலாளி அதற்கு வேறு கத்துவார். டாக்டரின் கிறுக்கலைப் படிப்பேன், பத்து மாத்திரை அட்டையை நாலாக வெட்டித் தருவேன், "நேத்து குடுத்தது கேக்கலையே" என்று சண்டைக்கு வருபவர்களைச் சமாளிப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட நான் வகுப்பு லீடராக இருந்ததில்லை. என் மனைவி மஹதி அபிராமபுரத்தில் ஆசிரியை. குரலை உயர்த்தாமலே நாற்பது பிள்ளைகளை உட்கார வைப்பாள். நான் கத்தினால் வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஐம்பது வயசுக்கு மேல் ஒருத்தன் படை திரட்டக் கிளம்பினான் என்றால், அதற்கு முன்னால் அவன் என்ன லட்சணத்தில் இருந்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

படை என்றால் ஃபோனில்தான். அது ஒரு தீவு விளையாட்டு. ஒரு தீவில் பதினாறு ஊர், ஊருக்கு ஒரு ஆள். துறைமுகம், கிடங்கு, மதில் என்று அவரவர் ஊரை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் காடு மட்டும் எல்லோருக்கும் பொது. எல்லாம் நிஜமான நேரத்தில் நடக்கும். கிடங்கு கட்ட ஆறு மணி நேரம் என்றால் காலையில் தட்டிவிட்டு மத்தியானம் வந்து பார்க்க வேண்டியதுதான். கடைக்காரனுக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு உண்டா? பெயர் கேட்டபோது 'மாடவீதி மன்னன்' என்று வைத்தேன். சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது சிரித்தால்தான் உண்டு.

பக்கத்து ஊரின் பெயர் பூந்தோட்டம். அதன் சொந்தக்காரர் புஷ்பம். எனக்கு அவரைத் தெரிய வந்ததே நான் மூக்குடைபட்ட ஒரு நாளில்தான். வேறு தீவிலிருந்து எவனோ வந்து என் கிடங்கை மொத்தமாகக் கொள்ளையடித்துப் போயிருந்தான். கடையில் நின்றபடி வெறும் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடிதம் வந்தது.

"இன்னா சார், மொத்தத்தையும் வழிச்சிக்கினு போய்ட்டானா? அஞ்சு கப்பல் மரம் அனுப்பிக்கீறேன். அழுதுகினு நிக்காம மொதல்ல கிடங்கைக் கட்டுங்க."

கேட்காமலே கொடுத்த மரம் அது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு கடிதமாவது எழுதிக்கொள்வோம். புஷ்பத்துக்கு வேளச்சேரியில் தரைத்தளத்து வீடு. ஒரு கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புருஷன் இல்லை. மகள் தமிழ்நிலா கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை, தினம் நாலு ஊசி. இதை ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தார். நான் சும்மா இருப்பேனா? உடனே பெரிய மனுஷனாகிவிட்டேன். "நான் மருந்துக்கடையில் இருக்கிறவன். இன்சுலின் எப்ப வேணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ, எப்படியாவது கொண்டு வந்து சேர்ப்பேன்" என்று எழுதினேன். ஃபோன் நம்பர் மட்டும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. முன்பின் பார்க்காத பெண்பிள்ளையிடம் நம்பர் வாங்குவது மரியாதையில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மரியாதை! அந்த வார்த்தையைச் சொல்லவே இப்போது நாக்குக் கூசுகிறது.

கிடங்கைக் கட்டியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். இனி எவனும் என் ஊரில் கை வைக்கக் கூடாது என்று படைவீடு ஒன்று கட்டினேன். முதலில் இருபது வேல்காரர்கள். பிறகு வில்லாளிகள். பிறகு மதிலை உடைக்கும் கல்லெறி வண்டிகள், ஆறு போர்க் கப்பல்கள். நாலு மாதத்தில் நானூறு பேர். ஒரு தட்டு தட்டினால் நானூறு பேரும் வரிசையில் திரும்புவார்கள். முதலாளி "என்னய்யா, மசமசன்னு நிக்கிறே" என்று கத்தும்போது, சட்டைப்பைக்குள் நானூறு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை யாரோ கேட்டார்கள்.

ஆனால் படைக்குத் தீனி போட வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மணிக்கு மணி தின்றுகொண்டே இருக்கும். ஊரில் விளைந்ததெல்லாம் படைக்கே போயிற்று. வீரர்களைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியானால் கொள்ளைக்கு அனுப்பத்தான் வேண்டும். அதற்கு ஆடுகிறவர்களிடையே சில வழக்கங்கள் உண்டு. இரண்டு நாள் ஒருத்தர் உள்ளே வராவிட்டால் அவர் ஊர்ப் பெயர் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் ஊரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கேள்வி கிடையாது. இன்னொன்று, படை ஊர் திரும்பும்வரை அடிபட்டவரின் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. திட்டுவார்கள், அல்லது அழுவார்கள், நமக்கு மனசு இளகிவிடும். இளகக் கூடாதென்றே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நானும் சமர்த்தாக அதைக் கற்றுக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் மழை கொட்டியது. ஞாயிறு ராத்திரி பிடித்தது, திங்கள் முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர், அரை நாள் கரென்ட் இல்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்துவிட்டோம். டி.வி.யில் வேளச்சேரியைக் காட்டினார்கள். தெருவில் படகு போயிற்று. யார் வீட்டு ஃபிரிட்ஜோ மிதந்துபோயிற்று. மஹதி பார்த்துவிட்டு, "ஐயோ, தரைத்தளத்துல இருக்கறவாள்லாம் என்ன பண்ணுவா?" என்றாள். "பாவம்" என்றேன். சொல்லிவிட்டு ஃபோனைத் திறந்தேன். பூந்தோட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது.

இந்த இடத்தில் நான் பொய் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியும். புஷ்பம் ஏன் உள்ளே வரவில்லை என்று நன்றாகத் தெரியும். அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும், கரென்ட் இருக்காது, சார்ஜ் இருக்காது. எல்லாம் தெரிந்தும் என் விரல் போயிற்று. பூந்தோட்டத்துக்கு மதில் கிடையாது. கிடங்கு நிறையப் பளிங்குக்கல். 'விளையாட்டுதானே, நாம எடுக்கலேன்னா இன்னொருத்தன் எடுக்கப் போறான், தண்ணி வடிஞ்சதும் திருப்பிக் கொடுத்தாப் போச்சு' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படையை அனுப்பிவிட்டுப் பாராசிட்டமால் எடுத்துக்கொடுக்கப் போனேன்.

முதல் நாள் நாலு முறை. புதன்கிழமை மூன்று முறை. வியாழன் இரண்டு. ஆக ஒன்பது. எதிர்க்க ஒரு ஆள் இல்லாத ஊரில் ஒவ்வொரு முறையும் "உங்கள் படை வென்றது" என்று வரும், நானும் வெட்கமில்லாமல் பூரித்துப் போவேன். செவ்வாய் மத்தியானமே அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது: 'சார் அவசரம்'. அதோடு பூந்தோட்டத்தின் பெயர் சாம்பலிலிருந்து பழைய நிறத்துக்கு மாறியது. ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். வழக்கப்படி பார்த்தாலே நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடிபட்டவர்கள் எல்லோரும் அவசரம் என்றுதான் எழுதுவார்கள், பிரித்தால் கொள்ளையை விடச் சொல்வார் என்று தள்ளிவிட்டேன். புதன்கிழமை இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றையும் பிரிக்கவில்லை.

"ஏன்னா, ரெண்டு நாளா அந்த ஃபோனையே பாத்துண்டு இளிச்சுண்டிருக்கேளே, என்ன விஷயம்?" என்று மஹதி கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. ஒரு யுத்தம்."

"கழுதை வயசாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிக் கப்பலும் திரும்பியது. என் கிடங்கு நிரம்பி வழிந்தது. கடையில் ஆள் இல்லை. திட்டுகளைப் படிக்கலாம் என்று கடிதங்களைத் திறந்தேன். திட்டு வாங்குவதில்கூட ஒரு பெருமை இருந்தது எனக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கடிதம்: "சார், வூட்டாண்ட கழுத்து வரைக்கும் தண்ணி. மேல் வூட்ல கீறோம். ஃபிரிட்ஜ் கவுந்து ஊசி மருந்துலாம் பூட்ச்சி. பாப்பாவுக்கு இன்னிக்கி காலையோட தீந்துது. ஃபோன் போக மாட்டேங்குது, இது மட்டும்தான் போவுது. விஜயநகர் பஸ் ஸ்டாண்டாண்ட போட்காரங்க கீறாங்க. அவங்க கிட்ட குடுத்து வுட்டா போதும் சார். அட்ரஸ் கீழ போட்டுக்கீறேன்."

இரண்டாவது: "சார் பாத்தீங்களா. பாப்பா வாந்தி எடுத்துகினே கீது. மூச்சு வேகமா வுடுது. நீங்கதான் சொன்னீங்க ஒரு வார்த்தை சொல்லுன்னு. சார்ஜ் ஆறு பர்சென்ட்தான் கீது."

மூன்றாவது: "போட் வந்துட்ச்சி சார். பாப்பாவுக்கு நெனவு இல்ல. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போறோம். நீங்க பாக்கல போலக்கீது. பரவால்ல."

நான் மருந்துக்கடைக்காரன்; அந்த வயதில் அந்தச் சர்க்கரை உள்ள பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க ஊசி இல்லையென்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். என் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிக் கடை ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் முப்பது இன்சுலின் குப்பி இருந்தது. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் இருந்தது. அந்த ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டுதான் நான் படையை அனுப்பினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் இன்னும் கேவலம். மூன்று கடிதங்களையும் மறுபடி படித்தேன். கொள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. சார்ஜ் இல்லாத அவசரத்தில் கடிதத்தை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார், ஊரைத் திறந்தே பார்க்கவில்லை. அப்படியானால் அவருக்குத் தெரியாது. சீ! ஒரு பெண் பிழைத்தாளா இல்லையா என்றுகூடத் தெரியாத அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

தெர்மகோல் டப்பாவில் ஐஸ் போட்டு எட்டுக் குப்பிகளை வைத்துக்கொண்டு, முதலாளி கத்தக் கத்த ஆட்டோவில் ஏறினேன். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அவ்வளவு பக்கத்தில்தான் இரண்டு நாளாக இருந்திருக்கிறார்கள். பெண்கள் வார்டில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். நர்ஸ் கடைசிக் கட்டிலைக் காட்டினார். தமிழ்நிலா கண்ணைத் திறந்து தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. உயிரோடு இருந்தாள்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த அம்மாள் எழுந்து நின்றார். யாரோ கொடுத்த தொளதொள நைட்டி, மேலே ஒரு துண்டு. தண்ணீரில் நின்று நின்று பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"நான் வெங்கடரமணன். மருந்துக்கடை" என்றேன்.

"அட, சார்! நீங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "உக்காருங்க சார். பாப்பா தப்பிச்சிட்ச்சி. இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாயிருந்தா கஷ்டம்னாங்க டாக்டரு. நேத்து வரைக்கும் எனக்கு உசுரே இல்ல."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். இரண்டுக்கும் துப்பில்லை.

"இன்னிக்குத்தான்மா உங்க கடுதாசியைப் பாத்தேன்" என்றேன். "எங்க பக்கமும் மோசம். நாலு நாளா கரென்ட் இல்லை, நெட் இல்லை. ஃபோனே செத்துப் போய்க் கிடந்தது."

புஷ்பம் என்னைப் பார்த்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அப்டியா சார்" என்றார்.

கட்டிலில் இருந்த பெண் தலையைத் திருப்பினாள். அவள் மடியில் ஒரு ஃபோன் கிடந்தது. குரல் எழும்பவில்லை, ஆனாலும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"ம்மா, இவர்தானா அந்த மாடவீதி மன்னன்? காலைல நாம பாத்தோமே, ஒன்பது வாட்டி வந்து எடுத்துனு போயிருந்தாரே, டைமோட போட்டிருந்துச்சே?"

"நீ சும்மா இரு" என்றார் புஷ்பம். டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சார்தான் சொல்றாரு இல்ல, அங்க கரென்ட் இல்லன்னு."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா, கரென்ட் இல்லை" என்று இன்னொரு முறையும் சொன்னேன்.