நான் செய்யாத ஜெபம்

என் கணவர் குடித்தே இறந்தார். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்தாறு வயதில். பதினோரு வருடம் அவருக்காக உபவாசம் இருந்து ஜெபித்தவள் நான்.

அவர் போன மறுவருடம், ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சபையின் வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். கோலார் தங்கவயல்காரி. ஈஜிபுராவில் வாடகை வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கணவரும் குடிகாரர்.

"அக்கா, நீங்க பட்டவங்க. உங்க ஜெபத்த கர்த்தர் கேப்பாரு. எங்க வீட்டுக்காரருக்காக தினமும் ஜெபிப்பீங்களா?"

"கண்டிப்பாம்மா" என்றேன்.

ஜெபிக்கவில்லை. காலையில் முழங்காலில் நின்று போதகருக்காக, பக்கத்து வீட்டு நோயாளிக்காக, முகம் தெரியாதவர்களுக்காகக்கூட வேண்டுவேன். அந்த மனிதரின் முறை வந்ததும் நாக்கு நின்றுவிடும். என் புருஷனுக்கு நீர் செய்யாததை இவருக்கு ஏன் செய்ய வேண்டும் என்று ஆண்டவரிடம் நேராகக் கேட்கவும் தைரியமில்லை. பேசாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு வியாழனும் அவள், "ஜெபிக்கிறீங்கல்லக்கா?" என்பாள். தலையாட்டுவேன்.

எட்டு மாதத்தில் அவர் குடியை விட்டார். மழித்த முகமும் தேய்த்த சட்டையுமாகச் சபைக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினார். அடுத்த ஞாயிறு அவள் சாட்சி சொல்ல எழுந்தாள்.

"இந்த அக்கா முழங்கால்ல நின்னதாலதான் எங்குடும்பம் நின்னுச்சு" என்று மைக்கில் சொல்லி என்னைக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு இரண்டு ஞாயிறு அவர்கள் வரவில்லை. மறுபடியும் குடிக்கிறார் போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்போது எனக்குள் எழுந்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நெஞ்சு லேசானது. அப்பாடா, கைவிடப்பட்டவள் நான் மட்டும் இல்லை. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான், எதைக் கொண்டாடிக்கொண்டு சாப்பிட்டேன் என்பது உறைத்தது.

மறுநாளே ஈஜிபுராவுக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் இறந்து, தங்கவயலில் எல்லாம் முடித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்கள்.

"சாவு வீட்ல அத்தன பேரும் குடிச்சாங்கக்கா. கூடப் பொறந்தவங்களே கிளாஸ நீட்டுனாங்க. இவரு தொடல. நீங்க இங்க ஜெபிச்சிக்கினு இருக்கீங்கன்ற தைரியத்துலதான் நான் இருந்தேன்."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான் ஜெபிக்கலம்மா. ஒருநாள்கூட ஜெபிக்கல. நேத்து அவரு திரும்பக் குடிக்கிறாருன்னு கேட்டப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டாள். வெளியே ஏதோ ஆட்டோ கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"கோவமா வருதுக்கா" என்றாள். "ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். உங்க கதைய மொதல்ல கேட்டப்ப, நல்லவேள எம் புருஷன் உசுரோட இருக்காருன்னு ஸ்தோத்திரம் பண்ணேன். உங்களுக்காக ஒரு வார்த்த வேண்டிக்கல."

அங்கேயே, துணிகளுக்கு நடுவில், முதல்முறையாக அவள் கணவருக்காக வாய்விட்டு ஜெபித்தேன். வறண்ட ஜெபம். அழுகையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

மகிழ்ச்சி வர மாதங்கள் ஆயின. ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் தடுமாறாமல் நடந்து போனார். அந்தக் குழந்தை அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். கூடவே என் கணவரின் முகமும் வந்தது. அதை விரட்டாமல், பஸ் வரும்வரை அவருக்காக நின்றபடியே அழுதேன்.